கணக்கில் வராத வெப்ப மரணங்களும் ஆபிரிக்க நகரங்களும்

மேற்கு ஆபிரிக்க நாடான மாலியின் கயேஸ் நகரில் 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3 ஆம் திகதி வெப்பநிலை 48.5 பாகை செல்சியஸாகப் பதிவாகியது. அது புனித ரமழான் மாதத்தின் இறுதிப் பகுதியாகும். பகல் முழுவதும் நோன்பிருந்த மக்கள், இரவில் மின்வெட்டு காரணமாக மின்விசிறியைக் கூட இயக்க முடியாமல் தவித்தனர். தலைநகர் பமாக்கோவின் சில பகுதிகளில் ஐஸ்கட்டியின் விலை பாணின் விலையை விஞ்சியது. அந்நகரின் கப்ரியேல் தூரே வைத்தியசாலையில் ஏப்ரல் மாதத்தின் முதல் நான்கு தினங்களில் மாத்திரம் 102 மரணங்கள் பதிவாகின. அதற்கு முந்திய ஆண்டின் ஏப்ரல் மாதம் முழுவதிலும் அங்கு பதிவான மரணங்கள் 130 ஆகும். உயிரிழந்தவர்களில் அரைவாசிக்கும் அதிகமானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்றும், பல மரணங்களில் வெப்பத்தின் பங்கு இருந்திருக்கக்கூடும் என்றும் தெரிவிக்கப்பட்டது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஒரு வைத்தியசாலை தனது பதிவேட்டை ஒழுங்காகப் பேணியதனாலேயே 102 என்ற அந்த எண்ணிக்கை உலகிற்குத் தெரியவந்தது. வைத்தியசாலையை எட்டாமல் தகரக் கூரையின் கீழும் வீதியோரத்திலும் உயிரிழந்தோர் எத்தனை பேர் என்பதற்கு நம்பகமான முழுமையான கணக்கு கிடைக்கவில்லை. அந்த வெப்ப அலையை ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழு, மனிதச் செயற்பாடுகளினால் ஏற்பட்ட காலநிலை மாற்றம் இன்றி இத்தகைய வெப்பம் அப்பிராந்தியத்தில் ஏற்பட்டிருக்கவே முடியாது என்று முடிவு கூறியது. வெப்பத்தின் காரணத்தை நிறுவுவதற்கு விஞ்ஞானத்திடம் கருவிகள் இருந்தன. அதனால் மாண்டவர்களைக் கணக்கிடுவதற்குத்தான் வழியிருக்கவில்லை.

இது மாலியின் தனிப்பட்ட குறைபாடல்ல. பெல்ஜியத்தில் பேணப்படும் சர்வதேச அனர்த்தத் தரவுத்தளத்தை ஆராய்ந்து 2020 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இரண்டே இரண்டு வெப்ப அலைகள்தான் அதில் பதியப்பட்டிருந்தன என்பதைச் சுட்டிக்காட்டியது. அவற்றில் குறிக்கப்பட்ட மரணங்கள் 71. அதேவேளை, 1980 ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஐரோப்பாவில் 83 வெப்ப அலைகளும் ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களும் அதே தரவுத்தளத்தில் இடம்பெற்றிருந்தன. பாலைவனத்தின் விளிம்பில் வாழும் மக்களைவிட ஐரோப்பியரை வெயில் அதிகம் வருத்தியது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியுமா? ஐரோப்பாவில் மரணம் பதியப்படுகின்றது. ஆபிரிக்காவில் அது புதைக்கப்படுவதோடு முடிந்துவிடுகின்றது. வித்தியாசம் அவ்வளவுதான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அதன் ஆபிரிக்கப் பிராந்தியத்தில் பத்து மரணங்களில் ஒன்று மாத்திரமே பதிவு செய்யப்படுகின்றது.

மரணத்தைப் பதிவதில் உள்ள அதே நிலைதான் வானிலையைப் பதிவதிலும் காணப்படுகின்றது. உலக வானிலை அமைப்பு பரிந்துரைத்துள்ள ஆகக் குறைந்த அடர்த்தியின் எட்டில் ஒரு பங்கு அளவுக்கே ஆபிரிக்காவில் தரை அவதானிப்பு நிலையங்கள் உள்ளதாக அவ்வமைப்பே தெரிவித்துள்ளது. அதன் தரவுத்தளத்தை மேற்கோள் காட்டி 2023 ஆம் ஆண்டு வெளியான கணக்கொன்றின்படி ஐரோப்பாவில் 345 வானிலை ராடர் நிலையங்களும் வட அமெரிக்காவில் 291 நிலையங்களும் இருக்க, நிலப்பரப்பில் அவ்விரண்டையும்விடப் பெரிய ஆபிரிக்கக் கண்டத்தில் இருந்தவை 37 மாத்திரமே.

இந்த வெற்றிடத்தை நிரப்புவதற்கே இன்று டிஜிட்டல் காலநிலைத் தரவுகள் பெரும் நம்பிக்கையோடு முன்வைக்கப்படுகின்றன. அந்த நம்பிக்கை ஆதாரமற்றதல்ல. அமெரிக்காவின் லாண்ட்சற் செய்மதிப் படங்கள் 2008 ஆம் ஆண்டிலிருந்து எவரும் இலவசமாகப் பெறக்கூடியனவாக உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் கொப்பர்நிக்கஸ் திட்டம், 1940 ஆம் ஆண்டு தொடக்கம் உலகின் ஒவ்வொரு பகுதியினதும் வெப்பநிலையை மணிக்கு மணி கணித்துத் தரும் தரவுத் தொகுதியொன்றை எவரும் பயன்படுத்தும் வகையில் திறந்து வைத்துள்ளது. முன்னர் ஒரு நாட்டின் வானிலைத் திணைக்களம் பல தசாப்தங்கள் செலவிட்டுத் திரட்ட வேண்டியிருந்த தகவலை, கணனியும் இணைய இணைப்பும் உள்ள ஒரு மாநகர சபை உத்தியோகத்தர் இன்று ஒரே நாளில் பெற்றுக்கொள்ள முடியும். நகரின் எந்தப் பகுதி அதிகம் சூடேறுகின்றது, எங்கே மரங்கள் அழிந்தன, எங்கே தகரக் கூரைகள் பெருகின என்பனவற்றை அவர் வரைபடமாகவே காணலாம். வெப்ப அலையொன்றின் வருகையைச் சில தினங்களுக்கு முன்னரே எதிர்வுகூறவும் முடியும்.

ஆயினும் இத்தரவுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை அறியாமல் அவற்றை நம்பியிருப்பது ஆபத்தானது. கொப்பர்நிக்கஸ் தரவுத் தொகுதி உலகை ஏறத்தாழ 31 கிலோமீற்றர் அகலமான கட்டங்களாகப் பிரித்தே கணிக்கின்றது. ஒரு முழு நகரமும் அத்தகைய ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். மரநிழல் சூழ்ந்த மாளிகைக்கும் சேரிக் குடிசைக்கும் அங்கே ஒரே வெப்பநிலைதான். லாண்ட்சற் செய்மதி இதைவிட நுணுக்கமாகப் பார்க்கின்றது எனினும், அது அளப்பது கூரையினதும் வீதியினதும் மேற்பரப்புச் சூட்டையே அன்றி, மனிதன் சுவாசிக்கும் காற்றின் வெப்பத்தை அல்ல. ஒரே இடத்தை ஒரு செய்மதி 16 நாட்களுக்கு ஒரு தடவையே கடந்து செல்கின்றது. அதுவும் முற்பகல் பத்து மணியளவில். முகில் மூடியிருந்தால் அந்தப் படமும் பயன்படாது. ஆனால், முதியவர்களினதும் குழந்தைகளினதும் உடல் தளர்ந்து போவது பெரும்பாலும் இரவிலேயே. பகல் முழுவதும் ஏறிய சூடு தணியாத அறைக்குள், களவுக்கு அஞ்சிக் கதவையும் அடைத்துக்கொண்டு உறங்கும் குடும்பத்தின் நிலையை எந்தச் செய்மதியும் காண்பதில்லை.

கென்யத் தலைநகர் நைரோபியில் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட அளவீடு இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. கிபேரா உட்பட அந்நகரின் சேரிப் பகுதிகள் சிலவற்றில் ஆய்வாளர்கள் சிறிய வெப்பமானிகளை நெருக்கமாகப் பொருத்தினர். அங்கு பதிவான வெப்பநிலையும், காற்றின் ஈரப்பதனையும் சேர்த்துக் கணிக்கப்படும் வெப்பச் சுட்டெண்ணும், நகரின் உத்தியோகபூர்வ டகொரெட்டி அவதானிப்பு நிலையத்தின் அளவைவிடப் பல பாகைகள் அதிகமாக இருந்தமை அடிக்கடி அவதானிக்கப்பட்டது. எமது வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை அறிவித்தல்கள் மூலம் இந்த வெப்பச் சுட்டெண் எமது வாசகர்களுக்கும் அறிமுகமானதே. வேர்வை உலராதபோது உடல் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம். நைரோபியின் உத்தியோகபூர்வ அறிக்கையில் மிதமான நாளாகக் குறிக்கப்பட்ட ஒரு நாள், தகரச் சுவர்களுக்கிடையே வாழ்பவருக்கு உயிராபத்தான நாளாக இருந்திருக்கலாம். ஒரே நகரத்தில் இருவேறு காலநிலைகள் நிலவுகின்றன. அவற்றில் ஒன்றே ஏட்டில் பதிவாகின்றது.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கு மிகத் துணிவான முயற்சியில் இறங்கிய ஆபிரிக்க நகரமாக சியரா லியோனின் தலைநகர் பிரீடவுனைக் குறிப்பிடலாம். 2017 ஆகஸ்ட் 14 ஆம் திகதி காடழிக்கப்பட்ட மலைச்சரிவு பெருமழையில் சரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தும் காணாமற்போயும் துயரத்தில் ஆழ்ந்த நகரம் அது. 2018 இல் மாநகர முதல்வராகத் தெரிவான இவோன் அகி-சோயர், பத்து இலட்சம் மரங்களை நடும் திட்டத்தை 2020 இல் ஆரம்பித்து வைத்தார். மரம் நடும் வைபவங்கள் எமக்குப் புதியனவல்ல. நட்ட மரம் பிழைத்ததா என்று திரும்பிப் பார்ப்பதுதான் அரிது. பிரீடவுனில் ஒவ்வொரு மரக்கன்றுக்கும் ஓர் இலக்கம் வழங்கப்பட்டு, அது நிற்கும் இடம் கையடக்கத் தொலைபேசி மூலம் பதியப்பட்டது. அந்தந்தப் பகுதி மக்களே கன்றுகளைப் பராமரித்து, காலத்துக்குக் காலம் புகைப்படம் எடுத்து அனுப்பி அதற்குரிய கொடுப்பனவைப் பெற்றனர். மரம் உயிரோடு இருந்தால்தான் பணம் என்ற ஏற்பாடு, புள்ளிவிபரத்தை வெறும் அலங்காரமாக அன்றிக் கண்காணிப்பாக மாற்றியது.

2021 ஒக்டோபரில் யூஜினியா கார்க்போ என்ற பெண்மணி அந்நகரின் பிரதம வெப்ப அதிகாரியாக நியமிக்கப்பட்டார். ஆபிரிக்காவில் இத்தகைய பதவி உருவாக்கப்பட்டது அதுவே முதற்தடவையாகும். 2022 இல் வெப்ப உணரிகளுடன் வீதி வீதியாகச் சென்று வெப்பத்தை அளக்கும் இயக்கத்திலும் பிரீடவுன் இணைந்துகொண்டது. செய்மதி காணாத காற்றின் வெப்பத்தை மக்களே அளந்து சேர்த்தனர். அதே ஆண்டில் மூன்று திறந்தவெளிச் சந்தைகளுக்கு நிழற்கூரைகள் அமைக்கப்பட்டன. காய்கறியும் மீனும் விற்கும் பெண்கள் நாள் முழுவதும் வெயிலில் வாடியதோடு, அவர்களின் பொருட்களும் நண்பகலுக்குள் வாடிப்போயின. நிழல் அவர்களின் உடலை மட்டுமன்றி வருமானத்தையும் காத்தது. தரவு என்பது எதற்காகத் திரட்டப்பட வேண்டும் என்ற கேள்விக்கு இந்த நிழற்கூரையைவிடச் சிறந்த பதில் இருக்க முடியாது.

ஆயினும் பிரீடவுன் அனுபவத்தின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. நகரில் எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று தீர்மானிக்கும் காணித் திட்டமிடல் அதிகாரமும் கட்டிட அனுமதி அதிகாரமும் மாநகர சபையிடம் இல்லை என்றும், அவை மத்திய அரசாங்கத்தின் கையிலேயே உள்ளன என்றும் மாநகர முதல்வர் பல தடவைகள் முறையிட்டுள்ளார். ஒருபுறம் மாநகர சபை மரம் நடுகின்றது. மறுபுறம் மலைச்சரிவில் காடு அழிக்கப்படுகின்றது. வரைபடம் ஒருவரிடமும் அதிகாரம் வேறொருவரிடமும் இருந்தால், நோயை அறிந்தும் மருந்து கொடுக்க இயலாத வைத்தியரின் நிலையே அந்நகரத்துக்கு ஏற்படும். அதிகாரப் பகிர்வு பற்றிய விவாதங்களைப் பல தசாப்தங்களாகக் கேட்டுப் பழகிய எமது வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டிய தேவையில்லை.

தரவு உயிர்களைக் காக்க வேண்டுமாயின் அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குத் தெற்காசியாவில் முன்னுதாரணம் உண்டு. இந்தியாவின் அஹமதாபாத் நகரை 2010 மே மாதம் வெப்ப அலை தாக்கியபோது, வழமையைவிட 1,344 மரணங்கள் மேலதிகமாக ஏற்பட்டதாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. அக்கணக்கு சாத்தியமானது, அந்நகரின் மரணப் பதிவேடு நாள் வாரியாகப் பேணப்பட்டு வந்தமையினாலேயே. எந்த வெப்பநிலையில் மரணங்கள் அதிகரிக்கத் தொடங்குகின்றன என்பதை அப்பதிவேடு காட்டிக்கொடுத்தது. அதனடிப்படையில் 2013 இல் நகரின் வெப்பச் செயற்றிட்டம் உருவானது. எச்சரிக்கை விடுப்பது யார், தண்ணீர்ப் பந்தல் அமைப்பது யார், வைத்தியசாலைகள் தயாராக இருக்க வேண்டியது எப்போது என்பன முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. அதன் பயனாக 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சராசரியாக ஆண்டொன்றுக்கு 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என 2018 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அங்கே வெப்பமானியும் மரணப் பதிவேடும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. ஆபிரிக்க நகரங்கள் பலவற்றுக்கு இன்று முதலாவது கிடைக்கத் தொடங்கியுள்ளது. இரண்டாவது இன்னும் கைக்கெட்டவில்லை.

பதிவில் இல்லாதவன் பாதுகாப்பிலும் இல்லை என்ற உண்மையை 2024 ஆம் ஆண்டு ஹஜ் கடமையின்போது ஏற்பட்ட துயரம் வேறொரு வகையில் உணர்த்தியது. அந்த ஜூன் மாதத்தில் மக்காவின் வெப்பநிலை 51.8 பாகையை எட்டியது. உயிரிழந்த 1,301 பேரில் 83 வீதமானோர் முறையான அனுமதிப் பதிவின்றி வந்தவர்கள் என சவூதி அரேபிய அதிகாரிகள் அறிவித்தனர். பலியானோரில் பெரும் எண்ணிக்கையினர் ஆபிரிக்க நாடான எகிப்திலிருந்து வந்தவர்கள். குளிரூட்டப்பட்ட கூடாரங்களும் வாகனங்களும் அங்கு இருக்கவே செய்தன. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் கொதிக்கும் வீதியில் நீண்ட தூரம் நடக்க நேர்ந்தது. ஆபிரிக்க நகரங்களின் சேரிகளில் காணி உறுதியோ முகவரியோ இன்றி வாழும் இலட்சக்கணக்கானோரின் நிலையும் இதற்கு ஒப்பானதே. அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆதலால் எந்தத் திட்டத்திலும் இல்லை.

அவ்வாறாயின் அவர்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதுமா என்று கேட்கலாம். அதிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. 2024 இல் நைரோபியை வெள்ளம் தாக்கியதன் பின்னர், ஆற்றங்கரையோர ஆபத்து வலயத்தில் இருப்பதாகக் கூறி, மத்தாரே, முக்குரு ஆகிய சேரிப் பகுதிகளில் குடியிருப்புகளை அரசாங்கம் இடித்து அகற்றியது. போதிய மாற்றிடம் இன்றிப் பல குடும்பங்கள் வீதிக்கு வந்தன. நாளை வெப்ப வரைபடமும் இதேவிதமாகப் பயன்படுத்தப்பட மாட்டாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? சிவப்பு நிறத்தில் காட்டப்படும் பகுதிக்கு மரமும் தண்ணீரும் போவதா, அன்றி இடிக்கும் இயந்திரம் போவதா என்பதைத் தீர்மானிப்பது தொழில்நுட்பம் அல்ல, அரசியலே. ஆகவே தரவைத் திரட்டும்போதே அது எவரது கையில் இருக்கும், எந்த நோக்கத்துக்கு மாத்திரம் பயன்படும் என்பதை அம்மக்களும் அறிந்து இணங்கும் ஏற்பாடு வேண்டும்.

தரவின் உரிமை பற்றிய கேள்விக்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. எத்தியோப்பியப் பஞ்சத்தின் பின்னர் 1985 இல் அமெரிக்கா ஆரம்பித்த பஞ்ச முன்னெச்சரிக்கை வலையமைப்பு, நாற்பது ஆண்டுகளாக ஆபிரிக்காவின் வரட்சியையும் விளைச்சலையும் கண்காணித்து வந்தது. 2025 ஜனவரியில் வொஷிங்டனின் புதிய நிர்வாகம் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது அதன் இணையத்தளம் ஒரே இரவில் முடங்கியது. பின்னர் அது பகுதியளவில் மீண்டும் இயங்கத் தொடங்கியது உண்மையே. ஆனால், பல ஆபிரிக்க நாடுகளில் குழந்தை மரண வீதத்தை அறிவதற்குப் பிரதான ஆதாரமாக விளங்கிய குடித்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டத்துக்கான அமெரிக்க நிதியும் அடுத்த மாதமே நிறுத்தப்பட்டது. இரவல் விளக்கில் வழி நடப்பவன், விளக்கின் சொந்தக்காரன் திரியை அணைத்ததும் இருளில் நிற்க நேரிடும். இலவசமாகக் கிடைக்கும் தரவு என்றும் அவ்வாறே கிடைக்கும் என்ற உத்தரவாதம் எவரிடமும் இல்லை.

இதனை உணர்ந்த முயற்சிகள் ஆபிரிக்க மண்ணிலேயே முளைவிட்டிருப்பது ஆறுதலளிக்கின்றது. உகண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் தலைநகர் கம்பாலாவின் தூசுக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கக்கூடிய, குறைந்த செலவிலான காற்று மாசு உணரிகளைத் தாமே வடிவமைத்து, வேறு பல ஆபிரிக்க நகரங்களிலும் பொருத்தியுள்ளனர். இதே வழியில் வெப்பத்தையும் அளக்க முடியும். மலிவான தானியங்கி வானிலை நிலையங்களைப் பாடசாலை வளவுகளில் நிறுவும் திட்டமொன்று இருபதுக்கும் மேற்பட்ட ஆபிரிக்க நாடுகளில் நடைபெறுகின்றது. கருவி களவு போகாமல் பாடசாலை காக்கின்றது. மாணவர் அதனைப் பாடமாகக் கற்கின்றனர். தென் சூடானில் 2024 மார்ச்சிலும் 2025 பெப்ரவரியிலும் வெப்பத்தின் கொடுமையால் நாடு முழுவதும் பாடசாலைகளை மூட நேர்ந்ததை நினைவுகூர்ந்தால், வகுப்பறையில் ஒரு வெப்பமானி இருப்பதன் அவசியம் புலப்படும். தகரக் கொட்டகையில் இயங்கும் பாடசாலையை எத்தனை பாகையில் மூடுவது என்பதை எங்கோ தொலைவிலுள்ள கணனி சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். புவியை வெப்பமாக்கும் வாயுக்களின் உலகளாவிய வெளியேற்றத்தில் ஆபிரிக்கக் கண்டத்தின் பங்கு நான்கு வீதத்துக்கும் குறைவானது. எனவே பிறர் மூட்டிய நெருப்பில் வேகின்றவர்கள் தண்ணீருக்குக் கையேந்த வேண்டியதில்லை. அது அவர்களுக்குரிய கடன். வறிய நாடுகளின் அவதானிப்பு நிலையங்களைப் பராமரிப்பதற்கென ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் 2021 இல் உருவாக்கிய நிதியமும், 2027 ஆம் ஆண்டுக்குள் உலகின் அனைவருக்கும் முன்னெச்சரிக்கை என்ற இலக்கும் வரவேற்கத்தக்கவையே. எனினும், அந்நிதி தலைநகர்களில் நடைபெறும் மாநாடுகளிலும் ஆலோசகர்களின் அறிக்கைகளிலும் கரைந்து போகாமல் மாநகர சபைகளைச் சென்றடைய வேண்டும்.

2050 ஆம் ஆண்டளவில் ஆபிரிக்காவின் நகர்ப்புற மக்கள்தொகை இன்றிருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்காகும் என எதிர்பார்க்கப்படுகின்றது. அந்த மக்கள் குடியேறப்போகும் வீடுகளில் பெரும்பாலானவை இன்னும் கட்டப்படவில்லை. கூரை எதனால் வேயப்படும், வீதியோரம் மரத்துக்கு இடம் விடப்படுமா, காற்று புகும் இடைவெளி இருக்குமா என்பன இனித்தான் தீர்மானிக்கப்பட வேண்டும். ஐரோப்பிய நகரங்கள் கட்டியதை இடித்துத் திருத்த வேண்டிய நிலையில் இருக்க, ஆபிரிக்க நகரங்களுக்கோ முதலிலேயே சரியாகக் கட்டுவதற்கு வாய்ப்பு உள்ளது. டிஜிட்டல் தரவின் உண்மையான பெறுமதி இங்குதான் தங்கியுள்ளது.

அதற்கு முதலில் செய்ய வேண்டியது மிக எளிமையானது. வெப்பமானி செய்மதியில் மாத்திரமன்றிச் சேரிக்குள்ளும் இருக்க வேண்டும். மரணம் நிகழ்ந்த வீடு எதுவாயினும் அது பதிவேட்டில் ஏற வேண்டும். எச்சரிக்கை அதிகாரிகளின் மின்னஞ்சலோடு நின்றுவிடாமல், மக்கள் பேசும் மொழியில், வானொலியிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் சந்தையிலும் ஒலிக்க வேண்டும். பமாக்கோவின் அந்த நான்கு நாட்களைப் பற்றி உலகம் பேசுவதற்குக் காரணம், ஒரு வைத்தியசாலையின் பதிவேடே. மாண்டவரை எண்ணாத நகரத்தினால் வாழ்பவரைக் காக்க இயலாது. எத்தனை செய்மதிகள் வானில் வலம் வந்தாலும், அந்த எண்ணிக்கையைத் தரையில் நின்று மனிதர்களே செய்தாக வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.